மோந்து பார்த்த தண்ணீர்

என் அக்கா புருஷனின் மூக்கை நம்பித்தான் ஒன்பது வருஷமாகக் குழிக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் வேலை தண்ணீர்த் தொட்டி கழுவுவது. மாடித் தொட்டி என்றால் பயமில்லை, மேலே வானம் தெரியும். தரைக்கு அடியில் கட்டிய சம்ப் அப்படியல்ல. ஓர் ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்குச் சதுர ஓட்டை. உள்ளே இருட்டு, முழங்கால் வரை சேறு. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சம்பில் என்ன காற்று நிற்கிறது என்று இறங்கினவனுக்கு உறைப்பதற்குள் கால் மடங்கிவிடும். போன மழைக்கு முன்னால் வேறு செட்டைச் சேர்ந்த இரண்டு பேர் அப்படிப் போனார்கள். முதல் ஆள் விழுந்தான், அவனைத் தூக்க இறங்கியவன் அவன் மேலேயே விழுந்தான்.

எங்கள் செட்டில் மூன்று பேர். மாமா மேஸ்திரி. கட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற குள்ள மனிதன் மேலே நின்று கயிறு பிடிப்பான், வாளி இழுப்பான். இறங்குவது நான். மூடியைத் திறந்ததும் மாமா முழங்கால் போட்டுக் குனிந்து மூன்று முறை மூச்சை இழுப்பார். பிறகு நிமிர்ந்து எங்களை ஒரு பார்வை பார்ப்பார். "இறங்கு" என்றால் இறங்குவேன். "இருக்கட்டும்" என்றால் உட்கார்ந்துவிடுவோம். எனக்கும் மூக்கு இருக்கிறது. ஆனால் எனக்கு எல்லாமே நாற்றம்தான். எது வெறும் நாற்றம், எது ஆளைச் சாய்க்கிற நாற்றம் என்று பிரிக்கிற மூக்கு அவருடையது. ஊரில் பாதிப் பேர் அவரை மூக்கு மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு தடவை பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஓர் அதிகாரி வந்தார். மூக்கை நம்பாதீர்கள், சில வாயுவுக்கு வாடையே கிடையாது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள் என்றார். மீட்டர் யார் தருவார்கள் என்று கட்டை கேட்டான். அது வேறு துறை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான் அக்கா வீட்டிலேயே இருக்கிறேன். இரண்டு அறை. முன்னறையில் என் பாயும் மாமாவின் மீன்தொட்டியும். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு ஜோடி டிஸ்கஸ். தட்டு மாதிரி வட்டமாக, கை அகலத்துக்கு இருக்கும். ஆண் செங்கல் நிறம், பெண் மேல் நீல வரிகள் ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாணயம் அளவுக் குஞ்சுகளாக ஆறு வாங்கி வந்தார். நாலு செத்து, மிஞ்சிய இரண்டும் ஜோடி சேர்ந்தன.

இந்த மீனுக்கு எல்லாமே கணக்குத்தான். வெதுவெதுப்பு இறங்கக் கூடாது. தண்ணீர் தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதில் கலந்திருக்கிற குளோரின் செவுளை அரித்துவிடும். அதனால் கொல்லையில் இரண்டு நீல டிரம்களில் தண்ணீரைப் பிடித்து, காற்றுக் குழாய் போட்டு இரண்டு நாள் ஆறவைத்து ஊற்றுவார். மாட்டு இதயத்தை வாங்கி, கொழுப்பு நீக்கி, அரைத்து, வில்லை வில்லையாகக் குளிர்பெட்டியில் வைப்பார்.

"நமக்கு எலும்பு, அதுகளுக்கு நெஞ்சுக்கறி" என்பாள் அக்கா. "நான் வெந்நீர்ல குளிச்சு எத்தனை நாளாச்சு. அதுங்களுக்கு ராத்திரி பகல் வெந்நீர்."

"நீயும் முட்டை போடு, உனக்கும் ஹீட்டர் மாட்டறேன்" என்பார் மாமா.

பெண் மீனுக்கு அக்கா வைத்த பெயர் மாமியார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டில் நடப்பதையெல்லாம் வாய் திறந்து திறந்து பார்க்கும் என்பதால். அந்த மாமியார் ஏழு தடவை முட்டை வைத்தது. தொட்டி நடுவில் மாமா நிறுத்திவைத்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் வரிசை வரிசையாக ஒட்டும். ஆண் பின்னாலேயே வந்து விந்து தெளிக்கும். இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறும். மூன்றாம் நாள் தாங்களே முட்டைகளைத் தின்றுவிடும். கதவு சாத்துகிற சத்தம் போதும், விளக்கு திடீரென்று எரிந்தால் போதும், தண்ணீர் கொஞ்சம் பிசகினால் போதும். ஏழு தடவையும் தின்றன.

எட்டாவது தடவை தின்னவில்லை.

அந்த எட்டாவது முட்டை வைத்த வாரத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அக்கா மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலைக்குப் போகிறாள். காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மாமா அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். நான் தெருமுனையிலிருந்து வருகிறேன், பால் தீய்ந்த வாடை வாசலைத் தாண்டி வந்து அடிக்கிறது. உள்ளே போனால் பாத்திரம் கருகிப் புகை வருகிறது. அவர் கோத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாமா, தீயுது, உக்காந்திருக்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். "யோசனைல இருந்துட்டேன் மாப்ள" என்றார்.

யோசனையில் இருக்கிறவன் காதில் விழாமல் போகலாம். மூக்கு எங்கே போகும்? அன்றைக்கு ஒரு சம்பில் இறங்கினேன். இறங்கும் முன் முதல் தடவையாக இடுப்புக் கயிற்றின் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். மேலே வந்து வாய் கொப்பளித்துக்கொண்டே, ஒன்றும் ஆகவில்லையே, அவர் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடம் கேட்பது? கேட்டுவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு ஒரே வீட்டில் சாப்பிடுவது?

முட்டை பொரிந்து, குழாய்த் துண்டின் மேல் வால் மட்டும் துடிக்கிற தூசியாக இரண்டு நாள் ஒட்டிக் கிடந்தன. பிறகு நீந்தத் தொடங்கின. டிஸ்கஸ் குஞ்சு வேறெதையும் தின்னாது. தாய் தகப்பன் உடம்பில் ஊறுகிற வழவழப்பைத்தான் கொறித்து வளரும். அந்த நாட்களில் பெரியவை இரண்டும் நிறம் கறுத்து நிற்கும். குஞ்சுகள் கூட்டமாக ஒன்றின் விலாவில் ஒட்டிக் கொறிக்கும். அதற்கு வலி தாங்காமல் போகும்போது ஓர் உதறு உதறும். கூட்டம் மொத்தமும் சிதறி மற்றதன் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாமா வேலை விட்டு வந்ததும் கால் கழுவிவிட்டு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பத்துக்குக் குறையாது என்றார். மறுநாள் நூற்றிருபது என்றார்.

"பெத்தவங்களைத் தின்னே வளருதுங்க" என்றாள் அக்கா. "நல்லவேளை நமக்கு இல்ல."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாமா குஞ்சுகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

குஞ்சு நீந்தி ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் மாமா என்னை வளர்ப்பு மீன்கடைக்கு அனுப்பினார். இன்னும் சில நாளில் குஞ்சுகளுக்கு வேறு தீனி பழக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அளவு இறால் பொரிகிற முட்டை டப்பா ஒன்று வாங்கி வா என்றார்.

மீன்கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, ஒரு சின்னப் புட்டியையும் பக்கத்தில் வைத்தார். "இதையும் கொண்டு போ. குளோரினை முறிக்கிற சொட்டு. குஞ்சு இருக்கிற நேரம், வாளிக்கு நாலு சொட்டு விட்டா பயமில்ல."

"அவர் வேணாம்னுவார்."

"தெரியுமே. போன மாசமும் இதே புட்டியக் காட்டினேன். என் மூக்கைவிடவா உன் தண்ணி மருந்துன்னு கேட்டாரு. உங்க மாமா மூக்கை வெட்டி இந்தக் கடைல தொங்கவிட்டா எனக்கு சோதனைப் பெட்டியே வேணாம்."

சிரித்துவிட்டுப் புட்டியை அங்கேயே விட்டு வந்தேன். என் தப்பு அது.

வீட்டு வாசற்படியில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர். எங்கள் தொழிலின் வாடை. சேற்றை அள்ளிய பிறகு தொட்டிச் சுவரில் அதைக் கரைத்துத்தான் பூசுவோம். கண் எரிகிற அளவுக்கு இருந்தது. உள்ளே மாமா தொட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி வாளிகள் மூன்று. குஞ்சுகள் பெரியவற்றின் உடம்பில் இல்லை. தொட்டி முழுக்கத் திக்குத் திசையில்லாமல் பாய்ந்துகொண்டிருந்தன. பெரியவை இரண்டும் மேலே வந்து தண்ணீர் விளிம்பில் வாயை வைத்திருந்தன.

"பாரு மாப்ள" என்றார் மாமா. "புதுத் தண்ணி பட்டதும் என்னமா ஆடுதுங்க."

"மாமா, பிளீச்சிங் வாடை அடிக்குது."

"எங்க?"

"இங்கதான். தொட்டில. வாளில. வாசல் வரைக்கும் அடிக்குது மாமா."

அவர் வாளியை எடுத்து முகத்தை அதற்குள் விட்டார். வாளிக்குள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை. முகத்தை வெளியே எடுக்கவே இல்லை.

நான் மீன்கடைக்கு ஓடினேன். அந்தப் புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். போக வரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பாதிப் புட்டியைக் கவிழ்த்தேன். அதற்குள் பாய்ச்சல் நின்றுவிட்டது. குஞ்சுகள் வெறும் கண்ணாடித் தரையில் ரவை சிந்தியது போல் கிடந்தன. ஆண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து சுற்றிச் சுற்றி வந்தது, சாயங்காலம் ஆறு மணிக்கு அடங்கிப்போனது. பெண் மட்டும் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி, கரியாகக் கறுத்து, செவுள் அடிக்க நின்றது.

அக்கா வேலை முடித்து வந்தபோது மாமா குழாய் வைத்துக் குஞ்சுகளை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"நான் கழுவின டிரம்மா?" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். குஞ்சு வந்த பிறகு தண்ணீர் அதிகம் மாற்றியதில் ஒரு டிரம் தீர்ந்துபோயிருந்தது. இரண்டாவது டிரம்மின் உள்பக்கம் பாசி வழுக்கியது. பச்சைப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு இந்தத் தண்ணியா என்று அவள் சனிக்கிழமை காலையில் அதைக் கவிழ்த்து, மாமாவின் வேலைச் சாமான் மூட்டையிலிருந்து பிளீச்சிங் பவுடரை எடுத்துக் கரைத்துத் தேய்த்திருக்கிறாள். தொட்டி கழுவுகிறவன் பெண்டாட்டிக்கு வேறெப்படிக் கழுவத் தெரியும்? இரண்டு தடவை அலசினாள். மூன்றாவது அலசினால் நிரப்பத் தண்ணீர் இருக்காது, குழாய் ஒன்பது மணிக்கு நின்றுவிடும். அப்படியே நிரப்பி, காற்றுக் குழாயைப் போடாமல் மூடியை இறுக்கிவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது சொல்லியிருக்கிறாள்: "டிரம்மைக் கழுவி ரொப்பியிருக்கேங்க. மோந்து பாத்துட்டு ஊத்துங்க."

எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். நேற்றைய பால், கடைக்காரன் கொடுத்த கறி, சாக்கடை அடைப்பு, கேஸ் அடுப்பு, எதுவாக இருந்தாலும் அவர் மூக்குக்கு நேராக நீட்டுவோம். அவர் சொன்ன பிறகு வேறு பேச்சில்லை. அக்காவுக்கு மூக்கு எப்போதோ போய்விட்டது. பதினைந்து வருஷம் பினாயிலில் கை விட்டவளுக்கு வாடை எங்கே தெரியும்? அவளும் அவர் மூக்கைத்தான் நம்பினாள்.

"மூணு தடவை அலசணும்னு உனக்கு எத்தனை வாட்டி சொல்லிருக்கேன்" என்றார் மாமா. குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார்.

"ஆமா. என் தப்புதான்."

"ரெண்டு வருஷம். ரெண்டு வருஷ உழைப்பு."

"நான் தொட்டிருக்கவே கூடாது. நீங்க மோந்து பாப்பீங்கன்னுதான்…" அவள் பாதியில் நிறுத்தினாள். தலைக்குள் ஏதோ ஓடியது அவள் முகத்தில் தெரிந்தது. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். அன்றைக்கு மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உப்பு எங்கே, தண்ணி எடு, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒரு மூடிக் கிடந்த மில்லின் சம்ப். புதிதாக வாங்கியவர்கள் திறக்கப் போகிறார்கள். இரண்டு வருஷம் யாரும் தொடாத தண்ணீர் என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். பன்னிரண்டு மணிக்குள் முடியுங்கள், பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்கள் என்றும் சொன்னார்.

மூடியைக் கடப்பாறை போட்டு நெம்பினோம். மாமா முழங்கால் போட்டுக் குனிந்தார். மூன்று முறை இழுத்தார். நிமிர்ந்தார். எப்போதும் போல எங்களைப் பார்த்தார்.

"இறங்கு" என்றார்.

நான் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். கட்டை கயிற்றின் மறு நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "என்னடா, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிற?" என்றான்.

"மாமா" என்றேன். "நேத்து அந்தத் தண்ணிய மோந்து பாத்தீங்களா, இல்லையா?"

"அது வேற. மீன் சமாச்சாரம்."

"மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வாடை தெரிஞ்சுதா?"

சூப்பர்வைசர் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாமா சம்பின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்த தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியல மாப்ள."

"நேத்து மட்டுமா?"

"ரெண்டு வருஷமா. ஒரு சளி பிடிச்சுது, ஞாபகம் இருக்கா? சளி போச்சு. வாடை திரும்பி வரல."

கட்டை கயிற்றைக் கீழே போட்டான். "அப்ப இத்தனை நாளா எதைப் பாத்து எறங்கு எறங்குன்னு சொன்னீங்க மேஸ்திரி?"

"உங்க மூஞ்சியப் பாத்து." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குனிஞ்சு எந்திரிச்சதும் உங்க ரெண்டு பேரையும் பாப்பேன். மூக்கைச் சுருக்கினா இருக்கட்டும்னுவேன். சும்மா நின்னா எறங்கச் சொல்லுவேன்."

அந்த இரண்டு வருஷத்தில் நான் எத்தனை தடவை மூக்கைச் சுருக்கியிருப்பேன்? அவர் இருக்கிறாரே என்றுதான் நான் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். நாற்றம் அடித்தாலும், பயந்தவன் என்று கட்டை கேலி பண்ணுவானே என்று சுருக்காமல் நின்றேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சம்பில் தலை சுற்றி, கட்டை என்னைத் தரதரவென்று இழுத்துப் போட்டதும், வெயிலில் கிடந்து வாந்தி எடுத்ததும் ஞாபகம் வந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வந்தாயா என்று அன்றைக்கு என்னைத் திட்டியது இவர்தான்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லிட்டு என்ன பண்றது? எனக்கு இந்த முட்டிய வச்சிக்கிட்டு எறங்கவும் முடியாது, வாளி இழுக்கவும் முடியாது. மூக்கும் இல்லன்னா நான் எதுக்கு?" முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "அந்த மீனு வாங்கினதே அதுக்குத்தான். தண்ணி கொஞ்சம் கெட்டாலும் சாகிற ஜாதி. அது இருக்கிற வரைக்கும் என் மூக்கு ஏதோ பாதியாவது வேலை செய்யுதுன்னு வச்சிக்கலாம்னு நெனச்சேன். இருந்துச்சே. ரெண்டு வருஷம் இருந்துச்சே மாப்ள."

கட்டை காறித் துப்பினான். அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். "யாரோட வயித்தெரிச்சல்டா இது" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னான்.

நான் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தேன். சூப்பர்வைசரிடம் போய், காற்று அடிக்கிற மெஷின் வேண்டும், இரண்டு மணி நேரம் உள்ளே காற்று விட்ட பிறகுதான் இறங்குவேன் என்றேன். இத்தனை நாள் இல்லாத மெஷின் இன்றைக்கு ஏன் என்றார். மூக்கு மேஸ்திரி இருக்கிறார் என்றுதானே உங்களைக் கூப்பிட்டோம் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மாமா விளிம்பிலேயே உட்கார்ந்து, கையை அந்த ஓட்டைக்குள் விட்டு, காற்று கனமாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார்.

"இறங்க மாட்டோம்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் வேறொரு செட் வந்துவிட்டது. நாலு பேர், எங்களைவிட இளசு. அவர்களில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. மூடி திறந்திருக்கிறதே என்று ஒருவன் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, கயிறுகூடக் கட்டாமல் இறங்கினான். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் சாமான்களைக் கட்டிக்கொண்டு நின்றோம். கட்டை வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். உள்ளே வாளி மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் பாடினான். முக்கால் மணி நேரம் கழித்துச் சேறும் சகதியுமாக மேலே வந்து, குழாயில் முகம் கழுவி, ஒரு சிகரெட் பற்ற வைத்தான்.

மாமா என் முழங்கையைத் தொட்டார்.

"பாத்தியா மாப்ள" என்றார். குரலில் நேற்றிலிருந்து இல்லாத ஒரு தெம்பு இருந்தது. "ஒண்ணும் இல்ல பாரு. நான் சொன்னது சரிதான். எறங்கியிருக்கலாம்."

நான் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். இந்த மனிதரோடு ஒரே வண்டியில் ஏறி ஒரே வீட்டுக்குப் போக வேண்டும். அக்காவிடம் யார் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டை எங்களுக்காகக் காத்திருக்காமல் முன்னால் நடந்தான். கேட் வரைக்கும் போய், திரும்பிப் பார்க்காமல் இடது பக்கம் திரும்பிவிட்டான். எங்கள் வண்டி நின்றதும் அவன் வீட்டுக்குப் போகிற வழியும் வலது பக்கம்.